கல்லூரி காணாத பேரறிஞர்

வறுமையால் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டு நீங்கிய சிறுவர் ஒருவர், பின்னாளில் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றார். அவரே சிலம்புச்செல்வர் ம.பொ.சிவஞானம்.

1906ஆம் ஆண்டு சென்னையில் எளிய குடும்பத்தில் பிறந்த அவர், அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் தொழிலாளியாக உழைத்தார். தமிழைத் தாமே முயன்று கற்றார். 1942ஆம் ஆண்டு விடுதலைப் போரில் சிறைப்பட்ட காலத்தில் சிலப்பதிகாரத்தில் ஆழ்ந்தார். கவுந்தியடிகள் என்னும் சமணத் துறவியை நம் கண்முன் நிறுத்தும் அக்காப்பியத்தை, விடுதலையான பின் மேடைதோறும் எளிய மக்களிடம் கொண்டு சேர்த்தார். சிலம்புச்செல்வர் என்னும் சிறப்புப் பெயரை அவருக்கு வழங்கியவர் பேராசிரியர் ரா.பி.சேதுப்பிள்ளை.

தமிழுக்கான முதல் சாகித்திய அகாதெமிப் பரிசு, 1955இல் அப்பேராசிரியரின் தமிழின்பம் நூலுக்குக் கிடைத்தது. 1966இல் அதே பரிசு, ம.பொ.சி.யின் வள்ளலார் கண்ட ஒருமைப்பாடு நூலுக்கு வழங்கப்பெற்றது. சென்னை ஏழுகிணற்றுப் பகுதியில் வாழ்ந்து, திருவொற்றியூர்த் திருக்கோயிலுக்கு நடந்து சென்று வழிபட்டு, உயிரிரக்கத்தையே உயர்நெறியாகக் கொண்டவர் வள்ளலார். அவரும் பள்ளியில் முறையாகப் பயிலாதவர். ஓதாது உணர்ந்த ஒருவரைப் பற்றி, தாமே கற்ற மற்றொருவர் எழுதிய நூலைப் பரிசு தேடி வந்தது.

1995இல் ம.பொ.சி. மறைந்தார். பட்டம் இல்லையே என்று தயங்கி, தம் ஆய்வை எழுதாமலே விடுவோர் இன்றும் உளர். நூலின் தகுதியை நூலே உரைக்கும் என்பதற்கு அவர் வாழ்வு சான்று.