பிடிலுக்கு நம் நாவைத் தந்த பாலுசுவாமி தீட்சிதர்

வாய்ப்பாட்டுக் கச்சேரி ஒன்றிலே பாடகருக்கு அருகில் பிடில் இல்லையெனின் அரங்கு நிறைவுறாது என்பது இன்று யாவரும் ஒப்பிய செய்தி. ஆயினும், அக்கருவியை நம் இசைக்கு முதன்முதல் ஏற்புடையதாக்கியவர் யாவர் என்று வினவினால், விடை கூறுவோர் சிலரே. முத்துசுவாமி தீட்சிதர் பெயரை அறியாத இசையன்பர் இலர். அவர்தம் இளவல் பாலுசுவாமி தீட்சிதரோ தமையனாரின் புகழொளியில் மறைந்து நின்றார். அன்னாருடைய வாழ்க்கையை ஈண்டு ஒருவாறு எடுத்துரைக்க விழைகின்றேன்.

திருவாரூரிலே, அம்சத்வனி இராகத்தை ஆக்கியளித்த இராமசுவாமி தீட்சிதருக்கு இளைய புதல்வராக 1786ஆம் ஆண்டிலே பாலுசுவாமி தோன்றினார். முத்துசுவாமியும் சின்னசுவாமியும் அவருக்கு மூத்தோர். வீட்டிலே மொழியும் இசையும் ஒருங்கே வளர்ந்தன. பின்னர், சென்னைக்கு அணித்தான மணலியிலிருந்த செல்வர் முத்துக்கிருஷ்ண முதலியார் அக்குடும்பத்தை அழைத்து ஆதரித்தார். அவர் மைந்தர் சின்னையா முதலியாரும் அப்பணியைத் தொடர்ந்தார்.

சென்னைக் கோட்டையிலே கிழக்கிந்தியக் கும்பினியாரின் பாண்டு வாத்தியம் முழங்கிய காலம் அது. முதலியாருக்கு ஆங்கிலேயரோடு பழக்கம் இருந்தமையால், தீட்சிதர் சகோதரருக்கு அவ்விசையைக் கேட்கும் வாய்ப்புக் கிட்டியது. ஒரே ஓசையனுபவம் இருவரிடத்தே இருவகையாக விளைந்தது. தமையனார் அம்மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்திலே சாகித்தியம் அமைத்தார். நோட்டுஸ்வரங்கள் என வழங்கும் அவை முப்பதுக்கு மேற்பட்டன. ஆங்கில அரச வாழ்த்தின் மெட்டும் அவற்றுள் ஒன்று. இளவலோ மெட்டை விடுத்துக் கருவியைப் பற்றினார். அவரது ஆர்வத்தைக் கண்ட முதலியார் ஐரோப்பிய ஆசிரியர் ஒருவரை அமர்த்தினார். அவரிடம் பாலுசுவாமி மூன்றாண்டு பிடில் பயின்றார் என்பது அக்குடும்பத்தார் எழுதிவைத்த வரலாறு.

மூன்றாண்டுப் பயிற்சியின் பின் மேனாட்டு இசையையே வாசித்திருப்பாராயின், அவர் பெயரை நாம் இன்று நினைக்க வேண்டுவதில்லை. வீணையிலே ஊறிய விரல்களைக் கொண்டவர் அவர். வீணையிலே தந்தியை இழுத்துப் பெறும் கமகத்தை, மெட்டுகள் இல்லாப் பிடிலின் பலகையிலே விரலை வழுக்கிப் பெறலாம் என்று கண்டதே அவரது பெருஞ்செயல். மேனாட்டார் நான்கு தந்திகளையும் ஐந்தாம் சுர இடைவெளியிலே சேர்ப்பர். நம்மவரோ சட்சமும் பஞ்சமமும் மாறிமாறி ஒலிக்கச் சேர்ப்பர். மேனாட்டார் நின்று, மோவாயின் கீழ்க் கருவியை இடுக்குவர். நம்மவர் சம்மணமிட்டு, கருவியின் தலைப்பை வலப்பாதத்தின் மேற் சார்த்தி இடக்கையை விடுவித்துக்கொள்வர். இம்மாற்றங்கள் யாவும் ஒருவரால் ஒரே நாளிலே நிகழ்ந்தவை அல்ல. ஆயினும், வழியின் தொடக்கத்திலே நின்றவருள் முதல்வர் பாலுசுவாமியே. தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு அக்கருவியிலே சிறந்து, 1834இல் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளிடம் தந்தத்தாலாகிய பிடிலைப் பரிசாகப் பெற்றார் என்பர்.

பிடில் வந்த அதே கப்பல்களிலே பியானோவும் வந்தது. ஐரோப்பாவிலே இவ்விரண்டும் பிரியா நண்பர்கள். பேதோவன் இவையிரண்டுக்குமாகப் பத்துச் சொனாட்டாக்கள் இயற்றினார். அவற்றுள் ஒன்றை 1803ஆம் ஆண்டு மே 24ஆம் நாள் வியன்னா நகரிலே, ஆபிரிக்க வழித்தோன்றலான பிரிட்ஜ்டவர் பிடிலிலும் தாம் பியானோவிலுமாக அரங்கேற்றினார். இத்தகைய இசையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஓர் எண்ணம் தோன்றும். பியானோவிலே ஒவ்வொரு சுரமும் தன் கட்டையிலே உறைந்து கிடக்கின்றது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்ல இடமில்லை. பிடிலோ நெகிழ்கின்றது, குழைகின்றது, பாடுவோர் குரலுக்குப் பின்னே நிழலாய் நடக்கின்றது. ஆகவேதான் நண்பரிருவருள் ஒருவர் நம் வீட்டுப் பிள்ளையானார். மற்றவர் விருந்தினராகவே நின்றுவிட்டார்.

பூனாகலையிலே எங்கள் இலக்கிய வட்டத்தில் ஒருமுறை இப்பொருள் விவாதத்துக்கு வந்தது. பிடில் அந்நியர் கருவி. நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அதனைக் கற்பிப்பது தகாது. யாழை மீட்பதே தமிழர் கடன் என்றார் அன்பர் ஒருவர். யாழின்பால் எனக்கும் பெருமதிப்பு உண்டு. 1947இல் யாழ் நூலைத் தந்த சுவாமி விபுலாநந்தரின் நாட்டிலே வாழும் தமிழாசிரியன் வேறெவ்வாறு எண்ணுவான்? ஆனால், பாலுசுவாமியின் வாழ்வு உணர்த்தும் உண்மை வேறு. கருவி எந்நாட்டு மரத்தாற் செய்யப்பட்டது என்பது தச்சனின் கணக்கு. அதன்வழி எவர் இசை பேசுகின்றது என்பதே நம் கணக்கு. தோற்றவர் வென்றவரிடமிருந்து பெற்ற பொருள்களுட் பல நம்மை அடிமைப்படுத்தின. இஃதொன்றை நாம் அடிமை கொண்டோம் அல்லோமா?

பாலுசுவாமியின் பிற்கால வாழ்வு இன்னல் மிக்கது. தந்தையார் 1817இல் மறைந்தார். சின்னசுவாமியுடன் தென்னாட்டு யாத்திரை சென்றபோது, மதுரையிலே அத்தமையனாரையும் பறிகொடுத்தார். தனியராய் இராமேசுவரம் சென்று மீண்டவரை எட்டயபுரத்து அரசர் ஆதரித்துத் தம் அவை வித்துவானாக்கினார். தம்பியைத் தேடி வந்த முத்துசுவாமி எட்டயபுரத்தை அடைந்து, 1835ஆம் ஆண்டுத் தீபாவளி நாளிலே அவ்வூரிலேயே உயிர் நீத்தார். பாலுசுவாமி 1850களின் இறுதிவரை அவ்வவையிலேயே வாழ்ந்தார். பின்னாளிலே, 1882இல், பாரதியார் பிறந்ததும் அவ்வூரே.

ஆண்மகவில்லாத பாலுசுவாமி, தம் மகள் வயிற்றுப் பேரனைத் தத்தெடுத்துத் தம் கல்வி முழுவதையும் ஊட்டினார். 1839இல் பிறந்த அப்பேரனே சுப்பராம தீட்சிதர். சென்னை சின்னசாமி முதலியாரும் எட்டயபுரத்து அரசரும் ஊக்க, அவர் 1904இல் சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி என்னும் பெருநூலை வெளியிட்டார். முத்துசுவாமி தீட்சிதரின் இருநூற்றுக்கு மேற்பட்ட கிருதிகள் கமகக் குறியீடுகளுடன் அந்நூலாற் பிழைத்தன. தமையனாரின் பாட்டுக்குப் பக்கம் நின்றவர், அப்பாட்டு அழியாது அடுத்த தலைமுறைக்குச் செல்லும் பாலமும் ஆயினார்.

முன்னே அமர்ந்து பாடுவோரை உலகம் போற்றும். பக்கத்தே அமர்ந்து தாங்குவோரை மறக்கும். மாணவ மணிகளே, கச்சேரியிலே தனியாவர்த்தனத்துக்கு முன் பிடிலின் வில் ஒருகணம் ஓயுமே, அவ்வேளையிலேனும் பாலுசுவாமியை நினைமின். பிறர் கைக் கருவியானாலும் அஞ்சாது வாங்குங்கள். வாங்கிய பின், அது நம் மொழியைப் பேசும்வரை பயிலுங்கள்.