சகஜானந்தரை உந்தியது எது?

கடலூர் முதுநகரில் சிதம்பரம் போகும் ரயிலில் ஏறினால், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் படிக்கிற பிள்ளைகள் ஏறுகிறார்கள். பலர் தங்கள் குடும்பத்தில் முதல் தலைமுறையாகப் படிப்பவர்கள். இவர்களோடு ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்த சிலர் இந்த வண்டியில் இல்லை. சிப்காட் ஒப்பந்த வேலைக்கும் திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் போய்விட்டார்கள். ஏன் நின்றார்கள் என்று ஊரில் கேட்டால், படிப்பில் நாட்டமில்லை என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்.

நாட்டம் என்பது பிறக்கும்போதே சிலருக்கு இருந்து சிலருக்கு இல்லாமல் போகிற ஒன்றா? இந்தக் கேள்வியோடு நாம் சுவாமி சகஜானந்தரின் வாழ்க்கையைப் பார்க்கலாம்.

ஆரணிக்கு அருகே மேல்புதுப்பாக்கம் சேரியில் 1890 ஜனவரி 27-ஆம் நாள் பிறந்தவர் அவர். பெற்றோர் அண்ணாமலை, அலமேலு. அவர்கள் வைத்த பெயர் முனுசாமி. திண்ணைப் பள்ளிகூட நம்மவரை உள்ளே விடாத காலம் அது. ஊரில் தொடக்கக் கல்வி முடித்த சிறுவன், திண்டிவனத்தில் மிஷன் பள்ளியில் சேர்ந்தான். நன்றாகவே படித்தான். ஆனால் மதம் மாற வேண்டும் என்ற பேச்சு வந்தபோது மறுத்தான். படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. வடாற்காட்டுச் சேரிகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் பிழைப்புத் தேடிப் போன கோலார் தங்கவயலுக்கு அவனும் குடும்பத்தோடு போனான்.

இந்த இடத்தில் உளவியல் நமக்கு ஒன்று சொல்கிறது. ஆபிரகாம் மாஸ்லோ என்ற அமெரிக்க உளவியலாளர் 1943-இல் மனிதத் தேவைகளைப் படிக்கட்டுபோல வரிசைப்படுத்தினார். முதலில் பசி, பிறகு பாதுகாப்பு, பிறகு அன்பும் உறவும், அதற்கு மேல் மரியாதை, கடைசியாகத் தன் ஆற்றலை முழுமையாக அடைவது. கீழ்ப்படி நிறைந்தால்தான் மேல்படியில் மனம் போகும் என்பது அவர் கணக்கு. நம் சேரிப் பிள்ளைகளில் பலர் ஏன் படிப்பை விடுகிறார்கள் என்பதற்கு இதில் பாதி விடை இருக்கிறது. அடுப்பு எரியாத வீட்டில் பாடப் புத்தகம் திறப்பது எளிதல்ல.

ஆனால் முனுசாமி செய்தது வேறு. சோற்றுக்கும் படிப்புக்கும் வழி இருந்த இடத்தில், மரியாதைக்காக அந்த வழியையே விட்டு வெளியே வந்தான். கொள்கைக்காகக் கீழ்ப்படிகளை இழக்கத் துணிபவர்களும் உண்டு என்பதை மாஸ்லோவே ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறார். தீண்டாமைக்குள் பிறந்தவர்களுக்கு மரியாதை நான்காவது படி அல்ல. பல நேரம் பசியோடு சேர்ந்தே அதுவும் வருகிறது.

தங்கவயலில் அந்த இளைஞனின் மனம் ஆன்மிகத்தில் திரும்பியது. அங்கிருந்து சென்னை வியாசர்பாடியில் கரபாத்திர சுவாமிகளின் மடத்துக்குப் போய்ச் சேர்ந்தான். தமிழையும் சைவ நூல்களையும் அங்கே ஆழமாகக் கற்றான். சகஜானந்தர் என்ற பெயரும் அங்கேதான் கிடைத்தது. குருவின் சொற்படி 1910-இல் அவர் சிதம்பரம் வந்தபோது வயது 20.

சிதம்பரம் என்றால் நந்தனார் கதை. தில்லைக் கோயிலுக்குள் போக ஆசைப்பட்ட நந்தனார், நெருப்பில் இறங்கிய பிறகே உள்ளே போக முடிந்தது என்று புராணம் சொல்கிறது. அந்த நினைவைச் சுமக்கும் ஓமக்குளம் பகுதியில்தான் சகஜானந்தர் தங்கினார். அங்கே நந்தனார் மடம் உருவானது. 1916-இல் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கி, 25 பிள்ளைகளோடு பள்ளியை நடத்தினார். பிறகு விடுதியும் வந்தது. இதே ஊரில் மீனாட்சி கல்லூரி வந்தது 1920-இல். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929-இல். அவற்றுக்கெல்லாம் முன்பே சேரிப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி இருந்தது.

இன்னொரு உளவியல் விளக்கத்தையும் இங்கே பார்க்க வேண்டும். எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற இருவர், மனித ஊக்கம் வாடாமல் இருக்க மூன்று தேவை என்கிறார்கள். நானே விரும்பிச் செய்கிறேன் என்ற உணர்வு, என்னால் முடியும் என்ற நம்பிக்கை, நான் இவர்களில் ஒருவன் என்ற பிணைப்பு. பரிசாலும் மிரட்டலாலும் வருகிற ஊக்கம் அவை நின்றதும் நின்றுவிடும். இந்த மூன்றும் இருந்தால் அது உள்ளிருந்து ஊறிக்கொண்டே இருக்கும்.

சகஜானந்தர் வாழ்வில் இம்மூன்றையும் காணலாம். நிபந்தனையோடு வந்த கல்வியை மறுத்தது அவருடைய சொந்த விருப்பம். முடியும் என்ற நம்பிக்கையை, எட்டாம் வகுப்போடு நின்றவரை அறிஞராக்கிய குரு கொடுத்தார். பிணைப்பை அவரே நந்தனார் பள்ளியில் உருவாக்கினார். அங்கே கடைசி வரிசை என்று சாதியால் ஒதுக்கப்பட்ட இடம் கிடையாது. நெருப்பில் இறங்காமலே பிள்ளைகள் உள்ளே போகக்கூடிய வாசல் அது. நாட்டம் இருக்கிறதா என்று சோதித்துப் பிள்ளைகளைச் சேர்க்கவில்லை. நாட்டம் முளைக்கும் இடத்தை முதலில் அமைத்தார்.

காந்தியடிகள் 1927-இலும் 1934-இலும் சிதம்பரம் வந்தார். சகஜானந்தர் 1926-லேயே சென்னைச் சட்டசபைக்குப் போய்விட்டார். நம் மக்களின் கல்வி, நிலம், குடிமனை பற்றி அங்கே பேசினார். 1947-இல் கோயில் நுழைவுச் சட்டம் வந்தது. 1959 மே 1-ஆம் நாள் மறையும்போதும் சட்டமன்ற உறுப்பினராகவே இருந்தார்.

அவர் கடைசிவரை சைவராகவே இருந்தார். அயோத்திதாசப் பண்டிதரும் அண்ணல் அம்பேத்கரும் பௌத்தத்தைத் தேர்ந்தார்கள். அவருடைய ஆன்மிக வழியோடு நம்மில் பலர் உடன்பட மாட்டோம். ஆனால் அவர் தொடங்கிய கல்விப் பணி நிற்கவில்லை. சிதம்பரத்தில் இன்று நந்தனார் பெயரில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் அரசு மேல்நிலைப் பள்ளிகள் இயங்குகின்றன.

மனஉறுதி இருந்தால் எவரும் சகஜானந்தர் ஆகலாம் என்று மேடையில் பேசுவது எளிது. அது நம் பிள்ளைகள்மேல் பழியைப் போடும் பேச்சாகவும் ஆகிவிடலாம். அவருக்கே ஒரு குருவும் ஒரு மடமும் தேவைப்பட்டன. அதை உணர்ந்ததால்தான் தனக்குக் கிடைத்ததை 25 பிள்ளைகளுக்கு அமைத்துக் கொடுத்தார்.

நம் தெருவில் அடுத்து ஒரு பிள்ளை பள்ளியிலிருந்து நின்றால், நாட்டமில்லை என்று சொல்லுமுன் மூன்று கேள்வி கேட்போம். இந்தப் படிப்பை அவள் விரும்பித் தேர்ந்தாளா, பிறர் திணித்தார்களா? அவளால் முடியும் என்று இதுவரை யாராவது சொல்லியிருக்கிறார்களா? வகுப்பில் அவள் பக்கத்தில் யார் உட்கார்கிறார்கள்? பதில் கிடைத்தால் செய்ய வேண்டியதும் தெரிந்துவிடும். ஒருவர் மாலையில் பாடம் சொல்லித் தரலாம். ஒருவர் சாதிச் சான்றுக்கும் உதவித்தொகைக்கும் விண்ணப்பம் நிரப்பித் தரலாம். ஒருவர் அவளோடு பள்ளிவரை நடந்து போய் ஆசிரியரிடம் பேசலாம். கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகள் இந்தக் கோடை விடுமுறையிலேயே இதைத் தொடங்கலாம்.