விக்தர் சோயும் ஒரு பாடலும்

கவிஞன் மறைந்தாலும் கவிதை வாழும் என்பது நாம் பலகாலும் கேட்டுப் பழகிய கூற்று. ஆயினும், அக்கவிதை யாருடைய உள்ளத்தில் வாழ்கிறது, எவ்வடிவில் வாழ்கிறது, இயற்றியவன் கருதிய பொருளோடுதான் வாழ்கிறதா என்று வினவுவோர் சிலரே. இவ்வினாவை என் உள்ளத்தில் எழுப்பியவர் சோவியத்து நாட்டின் றொக் இசைப் பாடகர் விக்தர் சோய். இருபத்தெட்டு ஆண்டுகளே வாழ்ந்து மறைந்தவர் அவர். அவருடைய ஒரு பாடலை, அவரை நேரிற் கண்டவர்களும், அவர் மறைந்தபின் பிறந்தவர்களும் ஒருங்கே தம் சொந்தப் பாடலாகக் கொண்டாடுகின்றனர். அப்பாடலின் பெயர் 'பெரெமென்'. மாற்றங்கள் என்பது அச்சொல்லின் பொருள்.

சோய் 1962ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் திகதி லெனின்கிராட் நகரிற் பிறந்தார். தந்தையார் றொபேட் சோய் ஒரு பொறியியலாளர், கொரிய வழிவந்தவர். சோவியத்து நாட்டின் தூரகிழக்கில் வாழ்ந்த கொரிய மக்களை 1937ஆம் ஆண்டில் ஸ்டாலினின் அரசு வேரோடு பெயர்த்து மத்திய ஆசியாவுக்கு அனுப்பியது. அவ்வாறு கசகஸ்தானிற் குடியேற நேர்ந்த குடும்பமொன்றிலேயே தந்தையார் பிறந்தார். தாயார் வலன்ரீனா ரசியப் பெண்மணி. பாடசாலையில் உடற்பயிற்சி ஆசிரியையாகப் பணியாற்றியவர்.

இளமையிற் சோயின் நாட்டம் ஓவியத்திலேயே சென்றது. ஆனால், அவர் சேர்ந்த ஓவியக் கலைப் பள்ளி, போதிய தேர்ச்சி இல்லையென்று அவரை விலக்கிவிட்டது. பின்னர்த் தொழிற்பள்ளியொன்றில் மரச் செதுக்குவேலை பயின்றார். படிப்பிலே முன்னிற்காத மாணவனிடம் வேறொரு திறன் மறைந்து கிடக்கக்கூடும் என்பதை ஆசிரியர்கள் அனைவரும் அறிவர். எனினும் அதனை உரிய காலத்திற் காண்பது எளிதன்று. சோயின் திறன் கிற்றாரும் சொல்லும் சேருமிடத்தில் இருந்தது.

இலக்கிய அன்பர்கள் அறிய விரும்பக்கூடிய செய்தியொன்று உண்டு. சோய் மாணவப் பருவத்திற் சேர்ந்து வாசித்த குழுவின் பெயர் 'ஆறாம் இலக்க வார்ட்'. செக்கோவின் புகழ்பெற்ற கதையின் தலைப்பே அது. 1981இல் நண்பர்கள் இருவருடன் அமைத்த அடுத்த குழுவோ, அலெக்சி டால்ஸ்டாயின் விஞ்ஞானப் புதினமொன்றிலிருந்து தன் பெயரைப் பெற்றது. றொக் இசையென்றால் நூலறிவுக்குப் புறம்பான ஆரவாரம் என்று நம்மிற் பலர் எண்ணுவதுண்டு. லெனின்கிராட் இளைஞர் அவ்வாறு எண்ணவில்லை. நூலகத்திலிருந்து எழுந்து நேரே கிற்றாரை எடுத்தவர்கள் அவர்கள். மறு ஆண்டில் அக்குழு 'கினோ' என்னும் எளிய பெயரைத் தாங்கியது. திரைப்படம் என்பது அதன் பொருள்.

அக்காலத்தில் சோவியத்து நாட்டில் இசைத்தட்டு வெளியிடும் உரிமை அரசு நிறுவனத்துக்கே இருந்தது. கினோ குழுவின் முதலாவது தொகுப்பு 1982இல், சிறுவர்களுக்குத் தொழில்நுட்பம் கற்பிக்கும் நிலையமொன்றிலிருந்த ஒலிப்பதிவுக் கூடத்திற் பதிவாயிற்று. பாடல்கள் ஓடும் நேரம் ஏறத்தாழ 45 நிமிடங்கள். ஆகவே '45' என்பதே தொகுப்பின் பெயர். அது கடைக்கு வரவில்லை. சுருள் ஒலிநாடாவில் ஒருவர் படியெடுக்க, அவரிடமிருந்து இன்னொருவர் படியெடுக்க, கைக்குக் கை மாறி நாடெங்கும் சென்றது. நம் முன்னோர் ஏட்டுச் சுவடிகளைப் படியெடுத்துக் காத்தமையை இது எனக்கு நினைவூட்டுகிறது. படியெடுப்பவன் வெறும் இரசிகன் அல்லன். அந்நூலைக் காப்பவனும் அவனே. சோயின் பாடல்களுக்கும் அவர்தம் இரசிகர்களுக்கும் இடையேயிருந்த உறவு தொடக்கத்திலிருந்தே இத்தகையதாக அமைந்தது.

1981இல் லெனின்கிராட் நகரின் ரூபின்ஸ்ரைன் வீதியில் றொக் கழகமொன்று தொடங்கப்பெற்றிருந்தது. மேடையிற் பாடுமுன் பாடலின் சொற்களை எழுதிக் கொடுத்து அனுமதி பெறல் வேண்டும். பாடகர்கள் தொழில்முறைக் கலைஞராகக் கருதப்படவில்லை. ஆதலால் வயிற்றுப்பாட்டுக்கு வேறு தொழில் செய்தல் வேண்டும். தொழிலின்றி இருத்தல் அந்நாட்டிற் குற்றமுமாகும். சோய் 1986 முதல் 1988 வரை, கட்டடங்களுக்கு வெப்பமூட்டும் கொதிகலன் அறையொன்றில் நிலக்கரி அள்ளிப் போடும் தொழிலாளியாக இருந்தார். 'கம்சாத்கா' என்று அழைக்கப்பட்ட அவ்வறை பின்னர் அவரது நினைவகமாயிற்று. நாடறிந்த பாடகர் கரிபடிந்த கையோடு உலைமுன் நின்ற காட்சி, அவரிடம் இரசிகர் கொண்ட அன்புக்கு ஒரு காரணமென்பதில் ஐயமில்லை. அவர் தங்களைப் போன்றவர் என்று அவர்கள் உணர்ந்தனர்.

'பெரெமென்' பாடலை 1986ஆம் ஆண்டில் லெனின்கிராட் றொக் கழகத்தின் விழாவில் அவர் பாடினார். கொர்பச்சோவ் பதவியேற்று ஓராண்டு கடந்திருந்த காலம் அது. சீர்திருத்தம் என்னும் சொல் செய்தித்தாள்களில் அடிபடத் தொடங்கியிருந்தது. அவ்வேளையில் மாற்றத்தைக் கோரும் பாடலொன்று கேட்டால் மக்கள் அதனை எவ்வாறு பொருள்கொள்வர் என்று சொல்லத் தேவையில்லை. அடுத்த ஆண்டிற் செர்கேய் சொலவியோவ் எடுத்த 'அஸ்ஸா' என்னும் திரைப்படம் அப்பொருளை நிலைநாட்டிவிட்டது. படத்தின் முடிவிற் சோய் ஓர் உணவுச்சாலைக்குப் பாடகராகச் சேர வருகிறார். அங்குள்ள அலுவலர் அம்மையார் விதிகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே போகிறார். சோய் ஒன்றும் பேசாமல் எழுந்து மேடைக்கு நடந்துபோய்ப் பாடத் தொடங்குகிறார். அவ்வம்மையார் வெறும் நாற்காலியை நோக்கி விதிகளை வாசித்துக்கொண்டிருக்கிறார். பாடல் நடந்துகொண்டிருக்கையிலேயே சிறு மண்டபம் மறைந்து, மொஸ்கோவின் கோர்க்கிப் பூங்காத் திறந்தவெளி அரங்கிற் கூடிய பெருந்திரள் தோன்றுகிறது. கைகளிற் சிறு தீச்சுடர்கள் அசைகின்றன. 1988இல் இப்படம் திரைக்கு வந்தபின் அப்பாடல் ஒரு தலைமுறையின் கொடியாயிற்று.

ஆனால், பாடியவர் அக்கொடியைத் தாம் ஏந்த விரும்பவில்லை. செய்தித்தாட் கட்டுரைக்கு இசையமைத்தது போல மக்கள் தம் பாடலைக் கேட்பதை அவர் ஏற்கவில்லை. அரசியல் முழக்கமாக அதனை இயற்றவில்லை என்பதே அவர் நிலைப்பாடு. நெருங்கிய நண்பர்களும் அவ்வாறே கூறியுள்ளனர்.

பாடலின் மொழிபெயர்ப்பை நான் முதன்முறை படித்தபோது என்னை வியப்பில் ஆழ்த்தியது அதன் முழக்கமன்று. அது நிகழும் இடமே. அங்கே சதுக்கமில்லை, ஊர்வலமில்லை. மாலை மங்கியபின் ஒரு சாதாரண வீட்டுச் சமையலறை; தேநீர், சிகரெற், வெறுமையான தீப்பெட்டி, எரிவாயு அடுப்பின் நீலச்சுடர். அங்கிருப்போர் மாற்றத்தை ஏங்கி நிற்கின்றனர். தேடுவது தம்முள்ளேயே உள்ளது எனவும் உணர்கின்றனர். இறுதிச் சரணத்தின் முடிவிலோ, அவர்களுக்கே மாற்றத்தை நினைத்ததும் அச்சம் பிறந்துவிடுகிறது. என் கருத்தில் இப்பாடலின் உயிர்நிலை இவ்வச்சமே. ஆட்சியாளரை நோக்கி விடுத்த கோரிக்கையாக மட்டும் இது இருந்திருப்பின், அவ்வாட்சியோடு பாடலும் முடிந்திருக்கும். தன்னையே நோக்கி ஒருவன் கேட்கும் கேள்வியாக இருப்பதனாலேயே அது முடியவில்லை.

சோயின் புகழ் இதன்பின் விரைந்து வளர்ந்தது. 1988இல் 'குருதி வகை' என்னும் பொருளுடைய தொகுப்பு வெளிவந்தது. அதே ஆண்டில், கசகஸ்தானிற் ரஷீத் நுக்மானவ் இயக்கிய 'ஊசி' என்னும் திரைப்படத்தில் அவர் முதன்மைப் பாத்திரமேற்றார். தந்தையார் பிறந்த நாட்டுக்கே நடிகராக அவர் சென்றமை குறிப்பிடத்தக்கது. 1990 ஜூன் 24ஆம் திகதி மொஸ்கோ லுஷ்னிக்கி விளையாட்டரங்கில் பல்லாயிரவர் முன்னிலையிற் பாடினார். அதுவே மொஸ்கோ நகரில் அவர் பாடிய இறுதி நிகழ்ச்சி.

அக்கோடையைச் சோய் லற்வியாவின் கடற்கரைக் கிராமமொன்றிற் கழித்தார். குழுவின் கிற்றார்க் கலைஞர் யூரி கஸ்பர்யானுடன் புதிய பாடல்களைப் பதிவு செய்தார். ஒகஸ்ட் 15ஆம் திகதி மீன்பிடித்துவிட்டுத் திரும்பும் வழியில் அவர் செலுத்திய மொஸ்க்விச் கார் எதிரே வந்த பஸ்ஸுடன் மோதியது. அவ்விடத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. ஒகஸ்ட் 19ஆம் திகதி லெனின்கிராட் பகஸ்லோவ்ஸ்கொயே மயானத்தில் உடல் அடக்கம் செய்யப்பெற்றது. பதிவு செய்திருந்த குரலோடு நண்பர்கள் இசையைச் சேர்த்து இறுதித் தொகுப்பை முடித்தனர். அதன் அட்டை முற்றுங் கருமையானது.

இரசிகர்கள் கல்லறையருகிற் கூடாரமிட்டுத் தங்கினர். மொஸ்கோவின் அர்பாத் வீதியை ஒட்டிய ஒரு சந்தின் சுவரில், சோய் உயிரோடிருக்கிறார் என்னும் பொருள்பட எழுதினர். பாடல் அடிகளையும் எழுதினர். பாதியாய் முறித்த சிகரெற்றுகளைக் காணிக்கையாக வைத்தனர். 2006ஆம் ஆண்டில் அச்சுவர் ஒருமுறை வண்ணம் பூசி மறைக்கப்பட்டது. இரசிகர் மீண்டும் எழுதினர். முன்னாளில் ஒலிநாடாவிற் படியெடுத்த அதே கைகளின் தொடர்ச்சியாகவே இதனை நான் காண்கிறேன்.

அடக்கம் நிகழ்ந்து சரியாக ஓராண்டு நிறைந்த நாளில், 1991 ஒகஸ்ட் 19இல், மொஸ்கோவிற் கொர்பச்சோவுக்கு எதிரான ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சி தொடங்கியது. நாடாளுமன்றக் கட்டடத்தைச் சூழ்ந்து தடையரண் அமைத்த மக்களிடையே 'பெரெமென்' ஒலித்தது. அவ்வாண்டு முடிவதற்குள் சோவியத்து ஒன்றியமே இல்லாதொழிந்தது. லெனின்கிராட் மீண்டும் சென் பீற்றர்ஸ்பேர்க் என்னும் பழம்பெயரைப் பெற்றது. பாடல் மட்டும் இருந்தது. அதன் செல்வாக்குக்கு அஞ்சியோரும் இருந்தனர். 2014இல் ரசிய நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர், அமெரிக்க உளவுத்துறையே சோய்க்கு இத்தகைய பாடல்களை எழுதிக் கொடுத்ததென்று கூறுமளவுக்குச் சென்றார். ஒரு கவிஞனை இழித்துரைக்க எண்ணி, அவன் சொல்லின் வன்மைக்குச் சான்று பகர்ந்ததாகவே அது முடிந்தது.

2020 ஒகஸ்ட் 6ஆம் திகதி, பெலரூஸ் நாட்டின் தலைநகராகிய மின்ஸ்கில், தேர்தலுக்குச் சில நாட்களே இருந்த வேளை, அரசு ஒழுங்கு செய்த நிகழ்ச்சியொன்றில் ஒலிபரப்புப் பொறுப்பிலிருந்த இரு இளைஞர் திடீரென இப்பாடலை ஒலிக்கவிட்டனர். இருவருக்கும் பத்து நாட் சிறை விதிக்கப்பட்டது. அதன்பின் அந்நாட்டு வீதிகளில் அப்பாடல் ஓயாது ஒலித்தது. மேடையில் விதிகள் வாசிக்கப்பட்டுக்கொண்டிருக்க, ஒருவன் பேசாமல் எழுந்து பாடலைத் தொடங்குவது என்னும் திரைப்படக் காட்சி, முப்பதாண்டுகளுக்கு மேலான இடைவெளியின் பின் உண்மையாகவே நிகழ்ந்தது எனலாம்.

அவ்வாறாயின், சோயின் கருத்தை மீறி அவர் பாடலை முழக்கமாக்கிய இரசிகர் தவறிழைத்தனரா? இலக்கியம் கற்பிப்போர் எவரும் இவ்வினாவைத் தவிர்த்தல் இயலாது. பாடலைப் பொதுவிடத்துக்குக் கொண்டுசென்றவர்கள் அவர்களே. அதனைக் காத்தவர்களும் அவர்களே. அவ்வன்பு இல்லையேல் அச்சமையலறைப் பாட்டு அச்சமையலறையிலேயே அடங்கியிருக்கும். அன்றியும், வீட்டிலிருந்து அஞ்சியவர்கள் வீதிக்கு வந்து பாடியபோது, பாடல் எழுப்பிய கேள்விக்குத் தம் உடலாலேயே விடை கூறினர். சிறைசென்ற அவ்விளைஞர்களைக் காட்டிலும் அப்பாடலை நன்குணர்ந்தோர் யாருளர்?

எனினும் ஒன்று சொல்ல வேண்டும். கூட்டமாகப் பாடும்போது பல்லவியே ஓங்குகிறது. இறுதிச் சரணத்தின் அச்சம் அடங்கிப்போகிறது. மாற்றத்தைப் பிறரிடம் கோருதல் எளிது. கோரும் நம் கையே நடுங்குவதை ஒப்புக்கொள்ளல் அரிது. கொதிகலன் முன் நின்ற அவ்விளைஞர் இவ்விரண்டையும் ஒரே பாடலில் வைத்துச் சென்றார். அவரை நேசிப்போர் பல்லவியோடு நின்றுவிடாது, அக்கடைசி அடிகளையும் சேர்த்துப் பாட வேண்டும் என்பதே என் அவா.