ரிச்சர்டு லைடெக்கர்

எண்ணூர், அத்திப்பட்டு முதலிய ஊர்களில் கடலுக்கு அண்மையில் வாழும் நாம், திருச்சி, அரியலூர்ப் பகுதிகளும் முன்னொரு காலத்தில் கடலுள் மூழ்கியிருந்தன என்பதை நினைப்பதில்லை. ஏறக்குறையப் பத்துக் கோடி ஆண்டுகட்கு முற்பட்ட அக்கடலில் திரிந்த ஊர்வன ஒன்றற்குப் பெயரிட்டவர் லைடெக்கர் என்னும் ஆங்கில அறிஞர்.

இவர் 1849-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் நாள் இலண்டன் மாநகரிற் பிறந்தார். கேம்பிரிட்ஜில் டிரினிட்டிக் கல்லூரியிற் பயின்று, 1872-இல் இயற்கை நூல் தேர்வில் முதல் வகுப்பிலே தேறினார். 1874-இல் இந்திய நிலநூல் ஆராய்ச்சித் துறையில் அமர்ந்து, காஷ்மீர மலைகளையும், சிவாலிக் குன்றுகளிற் கிடைத்த, கல்லாய்ச் சமைந்த என்புகளையும் ஆராய்ந்தார். திருச்சியை அடுத்த ஊட்டத்தூர்ப் பாறைகளிற் கிடைத்த சில முதுகென்புகளைக் கொண்டு, 1879-இல் இக்தியோசாரஸ் இண்டிகஸ் என்னும் பெயரைச் சூட்டினார். அவ்வுயிர் மீன்வடிவினதாயினும் மீனன்று, ஊர்வனவே.

1882-இல் இந்தியப் பணியை நீங்கியபின், பிரிட்டிஷ் காட்சிச்சாலையிலுள்ள தொல்லுயிர் என்புகளுக்கு அட்டவணை வகுக்கும் பெருந்தொண்டை மேற்கொண்டார். முதலைக் குலத்தை வகைப்படுத்திய பகுதி 1888-இல் வெளிவந்தது. 1890-இல், பீட்டர்பரோவிற் கிடைத்த கடல்முதலை ஒன்றற்குச் சூக்கோடஸ் துரோபிரிவென்சிஸ் என்று பெயரிட்டார்.

இக்கடல்முதலைகள் வியப்புக்குரியன. ஒரு சாரார் முதுகில் என்புக்கவசம் தாங்கினர். மற்றொரு சாரார் அதனைத் துறந்து, கால்கள் துடுப்பாகவும் வால் மீன்வாலாகவும் மாறப்பெற்றனர். தலாட்டோசூக்கியா என்னும் தொகுதிப்பெயரை 1901-இல் ஜெர்மானிய அறிஞர் பிராஸ் என்பார் வழங்கினார். இவற்றின் நீண்ட மூக்கைக் கண்டு, நீண்ட மூக்குடைய பிற முதலைகட்கு இவை நெருங்கிய உறவின என்பர் சிலர். மீன் பிடிக்கும் தொழிலே அம்மூக்கைத் தனித்தனியே தந்திருக்கலாம். இவை முதலை மரத்தின் அடியிலேயே கிளைத்தவை என்பர் வேறு சிலர். இவ்வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. வடிவொப்புமை வேறு, குலவுறவு வேறு என்பதே இதனால் நாம் பெறும் பாடம்.

சூக்கோடஸ் என்னும் பெயரும் பின்வந்தோரால் நீக்கப்பட்டு, இந்நூற்றாண்டில் மீண்டும் ஏற்கப்பட்டது. திருச்சி என்புகளோ ஓர் இனத்தைத் தனியே நிறுவப் போதா என்று கருதப்படுகின்றன. ஆயினும் அவரது உழைப்புக்கு இதனால் இழுக்கில்லை. கிடைத்த சிலவற்றையேனும் அவர் வரிசைப்படுத்தி வைத்தமையாலன்றோ, பின்னோர் அவற்றை ஆராய்ந்து மறுக்கவும் இயன்றது?

1915-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-இல் லைடெக்கர் ஹார்ப்பெண்டனில் மறைந்தார். ஊட்டத்தூர்ப் பாறைகள் நம் நாட்டிலேயே உள்ளன. அவர் சில என்புகளோடு நிறுத்திய ஆராய்ச்சியைத் தொடர்தல் தமிழ் மாணவர் கடனாகும்.