காற்றை மருந்தாக்கிய கார்லோ போர்லானினி

உயிரைத் தாங்குவது காற்று. புகத்தகாத இடத்திற் புகுந்தால் உயிரைப் போக்குவதும் அதுவே. இவ்விரு தன்மைகளோடும் வாழ்நாள் முழுவதும் பழகிய இத்தாலிய வைத்தியப் பேராசிரியர் கார்லோ போர்லானினியின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கிக் கூறப் புகுகின்றோம்.

இவர் 1847ஆம் ஆண்டு யூன் 11ஆந் திகதி மிலான் நகரிற் பிறந்தார். இவர்தம் இளவல் என்றிகோ, 1877இல் நீராவியால் இயங்கும் சிறு பொறியொன்றை வானிற் பறக்கவிட்டுப் புகழ் பெற்றவர். தம்பி காற்றில் ஏற முயன்றார். தமையனார் காற்றை மருந்தாக்க முயன்றார். பாவியாவில் வைத்தியம் பயின்று 1870இற் பட்டம் பெற்ற கார்லோ, அமுக்கிய காற்று நிரம்பிய அறையில் நோயாளரை இருத்திச் செய்யும் சிகிச்சையில் ஈடுபட்டு, மிலானில் இருந்த அத்தகைய நிலையத்தைப் பற்றி 1875இற் சிறு நூலொன்றும் எழுதினார்.

அக்காலத்திற் சயரோகத்துக்கு மருந்தில்லை. முறிந்த கைக்கு மட்டை வைத்துக் கட்டி ஓய்வு கொடுக்கலாம். மூச்சுள்ளவரை அசையும் சுவாசப்பைக்கு ஓய்வு ஏது? நெஞ்சறையைப் போர்த்த சவ்வுக்கும் சுவாசப்பையைப் போர்த்த சவ்வுக்கும் இடையே வாயுவைச் செலுத்தினால், நோயுற்ற சுவாசப்பை சுருங்கி ஓய்வு பெறும். அதிலுள்ள குழிகளும் மூடும் என்று போர்லானினி 1882இல் எழுதினார். கொக் என்பார் சயரோகக் கிருமியை உலகுக்கு அறிவித்த ஆண்டும் அதுவே. 1888இல் இம்முறையை நோயாளரிடத்துக் கையாண்டார். 1894இல் உரோமாபுரியிற் கூடிய வைத்திய மாநாட்டில் அதன் பயனை எடுத்துரைத்தார். உடலில் மெல்ல உறிஞ்சப்படும் நைதரசனையே தெரிந்தெடுத்து, சிறிது சிறிதாகப் பலமுறை செலுத்தினார்.

ஆயினும் நன்மையோடு ஆபத்தும் உடன் வந்தது. ஊசி தவறிச் சுவாசப்பையின் நாளமொன்றைத் துளைத்துவிடின், வாயு குமிழ்களாகக் குருதியிற் கலந்து, இருதயத்தின் இடப்புறத்தை அடைந்து, அங்கிருந்து மூளையின் நாடிகளிற் சென்று அடைக்கும். சற்று முன்னர் உரையாடிக்கொண்டிருந்த நோயாளி நினைவிழப்பார்; வலிப்பும் பார்வையிழப்பும் தோன்றும்; உயிர் பிரிதலும் உண்டு. சவ்வு உறுத்தப்படுவதால் நரம்புவழி நேரும் அதிர்ச்சியே இதற்குக் காரணம் எனப் போர்லானினி கருதினார். ஜேர்மனியரான பிறௌவர் முதலியோர் வாயுக்குமிழே காரணம் என வாதித்தனர். பிற்கால ஆராய்ச்சி பெரிதும் பிறௌவர் பக்கமே நின்றது. தாம் வகுத்த சிகிச்சையின் பெருந்தீங்கை அதனை வகுத்தவரே பிழையாக உணர்ந்தார் என்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை.

காரணம் தெளிந்ததும் காவலும் தெளிந்தது. ஊசியோடு நீர் அமுக்கமானியை இணைத்தனர். மூச்சுக்கேற்ப நீர்மட்டம் ஏறி இறங்கினால் ஊசி உரிய இடத்தில் உள்ளது. அசையாதிருப்பின் வாயுவைத் திறத்தல் ஆகாது. டென்மார்க்கினரான சோக்மன் இதனைப் பழக்கத்துக்குக் கொணர்ந்தார்.

1918ஆம் ஆண்டு மே மாதத்திற் போர்லானினி காலமானார். அவர் பெயரால் உரோமாபுரியில் 1934இற் பெருவைத்தியசாலை எழுந்தது. அது 2015இல் மூடப்பட்டது. 1940களில் மருந்துகள் தோன்றிய பின்னர் அவர்தம் முறையும் அருகிற்று. ஆனால் அவ்வாபத்து இன்றும் அருகவில்லை. சுவாசப்பைச் சத்திரசிகிச்சையிலும், ஊசியாற் சதையெடுத்துச் சோதிக்கும்போதும் காற்று நாளத்திற் புகக்கூடும். அங்ஙனம் நேர்ந்தால், காற்றுப் புகும் வழியை உடனே அடைத்தல், திறந்த இடத்தை உப்புநீரால் நிரப்புதல், நோயாளியைக் கிடையாகக் கிடத்தித் தூய ஒட்சிசன் கொடுத்தல் என்பன முதற் கடன்கள். அடுத்து அவரை உயரமுக்க அறையிற் சேர்ப்பர். அங்கே குமிழ்கள் சுருங்கிக் கரையும்.

வியப்பு இதிலேயே உண்டு. இளமையில் போர்லானினி கையாண்ட அமுக்கிய காற்றறையின் வழித்தோன்றலே இவ்வறை. தாம் காரணம் அறியாத தீங்குக்கு மருந்து, தாம் முன்னரே பழகிய அறையில் இருந்தது. மாணவர்காள், கற்றதனைத்தையும் போற்றி வையுங்கள். அறிந்ததாக எண்ணியதையும் மீண்டும் ஆராயுங்கள். ஆசிரியராகிய எமக்கும் இப்பாடம் உரியதே.