ஒரே ஒரு விதி... 110 ஆண்டுகளைத் தாண்டியும் முடியாத கணக்கு! யார் இந்த மேக்ஸ் டேன்?

1940-ம் ஆண்டு கடைசி. நார்வேயில் இருந்து அமெரிக்கா போக வேண்டும். ஆனா அட்லாண்டிக் கடல்ல போர். அதனால சுவீடன், பின்லாந்து, ரஷ்யா, சைபீரிய ரயில், ஜப்பான், பிறகு பசிபிக் கடல்னு உலகத்தையே சுத்தி, 1941 ஜனவரி 1-ல் சான் பிரான்சிஸ்கோவில் இறங்கினார் 62 வயது மேக்ஸ் டேன். கூடவே மனைவி டோனி. வழியில் நிமோனியா காய்ச்சல் வேற.

ஓடி வந்தவர் சாதாரண ஆள் இல்லை. 1878-ல் ஹாம்பர்க்கில் பிறந்து, கணித மேதை ஹில்பர்ட்டிடம் படித்தவர். ஹில்பர்ட் 1900-ல் வெளியிட்ட 23 புகழ்பெற்ற கணக்குகளில் முதலில் தீர்ந்தது மூன்றாவது கணக்கு. அதே ஆண்டில் அதைத் தீர்த்தது டேன்தான். ஆனா அவர் பேரை இன்னைக்கும் உயிரோட வச்சிருக்கறது அவர் கேட்டுவிட்டுப் போன கேள்விகள்.

அப்படி என்ன கேட்டார்?

ஒரு ஊரில் நடப்பதாக வச்சுக்கோங்க. கிழக்கே ஓர் அடி, வடக்கே ஓர் அடி, மேற்கே ஓர் அடி, தெற்கே ஓர் அடி நடந்தா புறப்பட்ட இடத்துக்கே வந்துடுவீங்க. இந்த ஊருக்கு இது ஒண்ணுதான் விதி. இப்போ ஆயிரம் அடிகளின் பட்டியலைக் கையில் கொடுத்தால், அதன்படி நடந்து புறப்பட்ட இடத்துக்கே திரும்புவீங்களா? இங்க பதில் சுலபம். கிழக்கும் மேற்கும் சமமா, வடக்கும் தெற்கும் சமமான்னு எண்ணிப் பார்த்தா போதும். விதி கோணல்மாணலா மாறினால் எண்ணுவது மட்டும் போதாது. ஊரின் வரைபடமும் கையில் இருக்காது, விதி மட்டும்தான்.

இப்படி அடிகளும் விதிகளும் சேர்ந்த அமைப்பைக் கணிதத்தில் 'குலம்' என்பார்கள். ஒரே விதி இருந்தால் ஒற்றை விதிக் குலம். டேன் 1911-ல் மூன்று கேள்வி கேட்டார். ஒரு பட்டியல் புறப்பட்ட இடத்துக்கே திரும்புமா? வேறொரு வழியில் கொஞ்சம் போய், ஒரு பட்டியலை நடந்து முடித்து, போன வழியே திரும்பினால் அது இன்னொரு பட்டியலுக்குச் சமமாகுமா? இரண்டு வெவ்வேறு விதித் தொகுப்புகள் ஒரே ஊரைத்தான் சொல்கின்றனவா? மூன்றுக்கும் தவறாமல் விடை தரும் செய்முறை வேண்டும் என்பதே அவர் கேட்டது. துளைகள் உள்ள மேற்பரப்புகளில் பிறக்கும் ஒற்றை விதிக் குலங்களுக்கு முதல் இரண்டையும் அவரே தீர்த்தார்.

மாணவர் கொடுத்த ஆச்சரியம்

1921-ல் பிராங்க்பர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். அங்கே அவருடைய மாணவர் வில்ஹெல்ம் மாக்னுஸ். மூன்று எழுத்து கலந்த ஒரு விதி இருக்கு. அந்த விதியில் உண்மையிலேயே தேவைப்படும் ஓர் எழுத்தை விட்டுவிட்டால், மிச்சம் இரண்டுக்கு நடுவில் மறைமுகமா எந்த விதியும் ஒளிஞ்சிருக்காது என்பது டேனின் கணிப்பு. 'விடுதலைத் தேற்றம்' என்று பேர். டேன் எதிர்பார்த்தது படம் வரைந்து, வடிவியல் வழியில் நிரூபணம். மாக்னுஸ் 1930-ல் படமே இல்லாமல் இயற்கணிதத்தால் முடித்துவிட்டார். 1932-ல் எல்லா ஒற்றை விதிக் குலங்களுக்கும் முதல் கேள்விக்கும் செய்முறை கொடுத்தார். இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது பின்னால்தான் புரிந்தது. விதிகள் அதிகமானால் எல்லாக் குலங்களுக்கும் பொருந்தும் செய்முறையே இருக்க முடியாது என்று 1955-ல் நோவிகோவ் நிரூபித்தார்.

வேட்டை

டேன் யூத வம்சாவளி. முதல் உலகப் போரில் ஜெர்மன் ராணுவத்தில் இருந்தவர் என்பதால் 1933-ல் தப்பித்த வேலை, 1935-ல் போனது. 1938 நவம்பரில் யூதர்கள் மீது பெரும் தாக்குதல் நடந்தபோது கைதானார். அடைத்து வைக்க இடமில்லாததால் விடுவித்தார்கள்! நண்பர் வீட்டில் ஒளிந்தார். சக பேராசிரியர் ஹெல்லிங்கர் டாஹாவ் முகாமுக்குப் போனார். 1939-ல் நார்வேக்குத் தப்பினார் டேன். அடுத்த ஆண்டே ஜெர்மன் படை அங்கேயும் வந்துவிட்டது.

அமெரிக்காவில் இடாஹோ, சிகாகோ, அன்னாபோலிஸ் எனச் சின்னச் சின்ன வேலைகள். 1945-ல் வட கரோலினாவின் பிளாக் மவுண்டன் கல்லூரி. ஓவியர்கள், கவிஞர்கள் நிறைந்த கல்லூரியில் இவர் ஒருவர்தான் கணித ஆசிரியர். மாதச் சம்பளம் 40 டாலர், சாப்பாடு, தங்க இடம். கணிதத்தோடு தத்துவம், கிரேக்கமும் சொல்லிக் கொடுத்தார். காட்டு வழியே மாணவர்களோடு நடப்பது அவருக்கு ரொம்பப் பிடிக்கும். 1952 ஜூன் 27-ல் இறந்தார். கல்லூரி வளாகக் காட்டிலேயே அடக்கம்.

இன்னும் என்ன பாக்கி?

ஒற்றை விதிக் குலங்களுக்கு அவரது இரண்டாவது, மூன்றாவது கேள்விகள் இன்னும் முழுசா தீரவில்லை. ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப எழுதிய விதிகளுக்கு மட்டும் இரண்டாவது கேள்வியை 1968-ல் நியூமன் முடித்தார். முதல் கேள்விக்கு மாக்னுஸின் செய்முறை சரிதான். ஆனா பட்டியல் நீள நீள அதற்கு ஆகும் நேரம் பயங்கரமா ஏறிடும். எல்லா விதிக்கும் வேகமாக ஓடும் செய்முறை இருக்கிறதா என்பதற்கும் இன்னும் விடை இல்லை.