மாக்ஸ் போர்ண்: அணுவுலகில் நிகழ்தகவைக் கண்ட பேரறிஞர்

இயற்கையின் விதிகளை முற்றாக அறிந்தால் நாளை நிகழ்வதை இன்றே கணித்துவிடலாம் என்பது நியூற்றன் காலந்தொட்டு விஞ்ஞானிகள் கொண்டிருந்த நம்பிக்கை. கிரகணத்தின் நாளையும் நாழிகையையும் முன்னரே சொல்லவல்ல கணிதம் அணுவுக்குள்ளும் அவ்வாறே செல்லும் என அவர்கள் எண்ணினர். அவ்வெண்ணத்தை மாற்றியமைத்தவருள் முதன்மையானவர் பேராசிரியர் மாக்ஸ் போர்ண்.

இவர் 1882 டிசெம்பர் 11ஆந் தேதி, அன்று ஜேர்மனிக்குரியதாயிருந்து இன்று போலந்தில் உள்ள பிரெஸ்லோ நகரிற் பிறந்தார். தந்தையார் உடற்கூற்றியற் பேராசிரியர். தாயாரை மிக இளவயதிலேயே இழந்தார். 1921இல் கொட்டிங்கன் பல்கலைக்கழகத்திற் பௌதிகப் பேராசிரியரானார். பௌலி, ஹைசன்பேர்க் முதலிய இளம் மேதைகள் அவரிடம் உதவியாளராய் இருந்தனர். 1925இல் ஹைசன்பேர்க் எழுதிய புதுமையான கட்டுரையைக் கண்ணுற்ற போர்ண், அதன் பெருக்கல் முறை தாம் மாணவராயிருந்தபோது கற்ற தாயக் கணிதமே எனக் கண்டார். ஜோர்டன் என்னும் இளைஞரையும் துணைக்கொண்டு, குவாண்டம் பொறியியலுக்குச் செவ்விய கணித வடிவம் அமைத்தார்.

அடுத்த ஆண்டு ஷ்ரோடிங்கர் தமது அலைச் சமன்பாட்டை வெளியிட்டார். அவ்வலை யாது? இலத்திரனே அலையாய்ப் பரந்து கிடக்கின்றது என ஷ்ரோடிங்கர் கருதினார். போர்ண் அதை ஏற்கவில்லை. அணுவொன்றில் மோதிய இலத்திரனின் அலை எத்திசையிலும் பரவுகின்றது. கருவியிலோ இலத்திரன் எப்போதும் ஓரிடத்தில் முழுமையாகவே அகப்படுகின்றது. ஆகவே அவ்வலை இலத்திரன் அன்று. அஃது இன்ன இடத்தில் அகப்படுதற்குரிய நிகழ்தகவைக் காட்டுவது என 1926இல் அவர் முடிவு செய்தார். முதலில் அலையின் வீச்சமே நிகழ்தகவு என எழுதியவர், பின் அடிக்குறிப்பொன்றில், அதன் வர்க்கமே நிகழ்தகவு எனத் திருத்தினார். ஓரிடத்தில் வீச்சம் மும்மடங்காயின் நிகழ்தகவு ஒன்பது மடங்காகும். அவ்வடிக்குறிப்பே இன்று போர்ண் விதியெனப் போற்றப்படுகின்றது.

சோழி உருட்டுகையில் விழும் எண்ணை நாம் அறியாதது, கைவீச்சின் நுட்பங்களை அறியாமையால். போர்ண் கூறிய நிகழ்தகவு அத்தகையதன்று. தனியோர் இலத்திரன் எங்கு அகப்படும் என்பதை எவராலும் முன்கூட்டிச் சொல்லவியலாது. ஆயினும் கோடிக்கணக்கான இலத்திரன்கள் எவ்வாறு பங்கிடப்படும் என்பதை நுட்பமாய்க் கணிக்கலாம். எனவே விதி அழியவில்லை. நிகழ்ச்சியை ஆண்ட விதி நிகழ்தகவை ஆளும் விதியாயிற்று.

இதனை அவருடைய ஆருயிர் நண்பர் ஐன்ஸ்டைன் இறுதிவரை ஏற்றிலர். இறைவன் சூதாடுபவன் அல்லன் என்னுங் கருத்தை 1926இலேயே கடிதத்தில் தெரிவித்தார். 1955இல் அவர் மறையும் வரை இருவரும் கடிதங்களில் வாதிட்டனர், நட்போ குறையவில்லை. பிற்காலத்துப் பரிசோதனைகள் போர்ணின் பக்கத்தையே வலுப்படுத்தின. ஐன்ஸ்டைன் நாடிய வகையான விளக்கம் பொருந்தாதெனக் காட்டிய சோதனைகளுக்கு 2022இல் நோபெல் பரிசு கிடைத்தது.

போர்ண் யூத வழியில் வந்தவர். ஆதலால் 1933இல் நாற்சிகள் அவரைப் பதவியினின்று நீக்கினர். மனைவி மக்களுடன் நாடுவிட்டுக் கேம்பிறிட்ஜ் சென்றார். பின்னர், திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சேர் சி. வி. இராமன் அழைக்க, 1935இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கு வந்து ஏறக்குறைய ஆறு மாதம் பணியாற்றினார். அவரை அங்கு நிலையாய் இருத்த இராமன் முயன்றும் எதிர்ப்பினால் இயலவில்லை. 1936இல் எடின்பரோ அவரை ஏற்றது. 1953 வரை அங்கே கற்பித்தார்.

1932ஆம் ஆண்டுக்குரிய நோபெல் பரிசு ஹைசன்பேர்க் ஒருவருக்கே வழங்கப்பட்டது. கூட்டுழைப்பின் பயனைத் தாம் தனியே பெற்றமைக்கு மனம் வருந்தி ஹைசன்பேர்க் அவருக்கு எழுதினார். போர்ணுக்கு அப்பேறு 1954இலேயே கிட்டியது. அடிக்குறிப்பெழுதிய காலத்தில் நாற்பத்து மூன்று வயதினராயிருந்தவர், பரிசு பெறும்போது எழுபத்திரண்டை எட்டுந் தறுவாயில் இருந்தார். துரத்திய நாட்டுக்கே முதுமையில் மீண்டு, அணுவாயுதத்துக்கு எதிராய்க் குரலெழுப்பி, 1970 ஜனவரி 5இல் கொட்டிங்கனில் மறைந்தார். அவர் கல்லறையில் அவர் கண்ட சமன்பாடு ஒன்று பொறிக்கப்பட்டுள்ளது.

இளைஞர்காள்! தம் பிழையைத் தாமே திருத்தினார். நண்பரோடு முரண்பட்டும் பகைத்திலர். பரிசு தாமதித்தும் பணியை விட்டிலர். அறிவின் எல்லையை அளந்து கூறுதலும் அறிவேயாம் என்பதற்கு அவர் வாழ்வே சான்று.